முழிவியளம்

அச்சுவேலிச் சந்தியில் உள்ள இராசநாயகத்தின் அச்சகத்துக்கு வருகிறவர்கள் பெயர், திகதி, மண்டபம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவருவார்கள். மிச்சத்தை உதயகலா பார்த்துக்கொள்வாள். கலியாண அழைப்பிதழ், பிறந்தநாள் வாழ்த்து மடல், கடை திறப்பு, செத்தவருக்கு முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டு. கணினியில் எழுத்துக் கோப்பதற்குத்தான் சம்பளம். வசனம் இனாம்.

அன்று கொடிகாமத்திலிருந்து செல்வரட்ணம் என்பவர் வந்திருந்தார். மகன் புதிதாகப் பலசரக்குக் கடை திறக்கிறான். அழைப்பிதழின் தலையில் நாலு வரி வேண்டும்.

"நல்ல அதிட்டமாய் எழுது பிள்ளை."

"அதிட்டம் எப்பிடி வேணும் அண்ணை? விழுற மாதிரியோ, வாற மாதிரியோ?"

"ரெண்டிலை எது நல்லது?"

"விழுறதெண்டால் கூரையைப் பிச்சுக்கொண்டுதான் விழும். வாறதெண்டால் வாசலாலை நடந்து வரும்."

செல்வரட்ணம் யோசித்தார். "அப்ப வாசலாலை வரட்டும். கூரைக்கு இப்பதான் சீற் போட்டனாங்கள்."

'திருமகள் திருவடி பதிக்கும் நன்னாளில்' என்று உதயகலா தட்டினாள். அவருக்குத் திருப்தி.

இந்த வேலையில் இருந்து இருந்து அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. வாழ்த்து மடலில் வருகிற அதிர்ஷ்டத்துக்குக் கால் உண்டு. அது பெண், வலது காலை எடுத்து வைத்து வரும். கல்வெட்டில் வருகிறதற்குக் கால் இல்லை, கைதான். விதியின் கை பறிக்கும், காலனின் கை கயிறு வீசும். காலும் கையும் இல்லாததைத் தலையில் எழுதிவிடுவார்கள். எதிலுமே அதைச் செய்த ஆள் கிடையாது. பனம்பழம் தன்பாட்டில் விழும், பெயர் அங்கே இருந்த காகத்துக்குப் போகும்.

அச்சடித்து முடிந்த அழைப்பிதழின் முதல் கட்டை வீட்டுக்காரர் கையில் கொடுப்பது அங்கே ஒரு சின்னச் சடங்கு. நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, தட்டில் வைத்து, சிரித்துக்கொண்டு கொடுக்கவேண்டும். அந்த நேரம் உதயகலா எழும்பி, கடதாசி வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஆரம்பத்தில் இராசநாயகம், "உதென்ன பழக்கம்? நீ எழுதினதை நீயே குடு," என்று சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். இப்போது தட்டைக் கையில் எடுத்ததும் ஒருமுறை இருமுவார். அவள் எழும்பிப் போகும்வரை பொறுத்திருந்து கொடுப்பார்.

பின்னால் போய் நில் என்று எவரும் அவளுக்குச் சொன்னதில்லை. அது அவள் தனக்குத் தானே போட்ட சட்டம்.

விடிய எழும்பியதும் முதலில் காணும் முகம், வீட்டை விட்டு இறங்கும்போது எதிர்ப்படும் முகம், அதுதான் முழிவியளம். அன்றைய நாள் எப்படிப் போகும் என்பது அந்த முகத்தில் இருக்கிறது என்பது ஊரின் நம்பிக்கை. காரியம் கெட்டுப்போனால், "இண்டைக்கு ஆற்றை முகத்திலை முழிச்சனான்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இருபது வருடங்களுக்கு முன் ஒரு மாரிக் காலையில் அவளுடைய புருஷன் தயாபரன் மோட்டார் சைக்கிளில் வெங்காயச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொடிகாமம் சந்தைக்குப் புறப்பட்டான். படலையைத் தாண்டிய பிறகுதான் அடையாள அட்டை மேசையில் கிடப்பதை உதயகலா கண்டாள். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த காலம். அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் நின்று, திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். மழையில் சறுக்கி, எதிரே வந்த லொறியில் அகப்பட்டான்.

செத்தவீட்டில் மாமியார் மகாதேவி அத்தனை சனத்துக்கு நடுவிலும் எழும்பி நின்று சொன்னாள். "மூதேவி. உன்ரை முகத்திலை முழிச்சுத்தானேடி போனவன்."

 அட்டையைக் கொடுக்காமல் விட்டிருந்தால் முதல் சாவடியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்ற கணக்கு உதயகலாவிடம் ஏற்கெனவே இருந்தது. அது மாமியாருக்குத் தோன்றவில்லையே என்று மட்டும் நினைத்தாள்.

மகாதேவிக்குப் போக இடம் இல்லை. வயாவிளானில் இருந்த அவளுடைய வீடும் தோட்டமும் அப்போது இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே. மகனோடு வந்து இருந்தது உதயகலாவின் சீதன வீட்டில். செத்தவீடு முடிந்து சனம் கலைந்ததும், பக்கத்து வளவுக் குணலட்சுமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னாள். "உன்ரை வீடு. உன்ரை கிணறு. உன்ரை வீட்டிலை இருந்துகொண்டு உன்னை மூதேவி எண்டுறா. அவவின்ரை மகளிட்டைக் கனடாவுக்கு அனுப்பிவிடு மனிசியை."

"அவ பிளேன் ஏறமாட்டா அக்கா. பஸ்ஸிலையே சத்தி எடுக்கிறவ."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒரு வருடமளவுக்கு அந்தச் சொல் வசவாக இருந்தது. பிறகு கூப்பிடுகிற பெயராகிவிட்டது. "மூதேவி, கறிக்கு உப்புக் காணாது." "எடி மூதேவி, மழை இருட்டிக்கொண்டு வருது, மிளகாயை அள்ளு." "மூதேவி, உனக்கென்ன காய்ச்சலே? ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" உதயகலாவும் ஓம் மாமி, ஓம் மாமி என்று திரும்பிப் பார்த்தாள். அந்த வளவில் அவளைக் கூப்பிடுவதற்கு வேறு ஆள் இல்லை.

ஆனால் விடியலில் மட்டும் கவனமாக இருந்தாள். மகாதேவியின் கட்டிலடி முக்காலியில் தேத்தண்ணியை வைத்ததும் முகத்தைத் திருப்பிவிடுவாள். யன்னலைத் திறந்து, நுளம்பு வலையைச் சுருட்டிக்கொண்டு, வெளியே நிற்கும் வாழைகளைப் பார்த்தபடி, "மாமி, தேத்தண்ணி," என்பாள். பின்னால் கட்டில் கிறீச்சிடும். மகாதேவி எழும்பிச் சுவரில் உள்ள முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டிருப்பாள் என்று தெரிந்த பிறகுதான் திரும்புவாள்.

காலம் போனது. வயாவிளான் காணியை இராணுவம் விட்டது. போய்ப் பார்த்தபோது கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. "கிணறு எந்தப் பக்கம்?" என்று மகாதேவி கேட்டபோதுதான் அவளுக்குக் கண் தெரியவில்லை என்பது தெரியவந்தது. ஒரு கண் அழுத்தம் ஏறிச் சத்தமில்லாமல் செத்திருந்தது. மற்றதில் வெண்படலம் மூடியிருந்தது. ஒப்பரேசன் என்றதும் மனிசி மாட்டேன் என்றுவிட்டாள். ஐந்தாறு வருடம் அப்படியே ஓடியது.

அந்த வருடங்களில் உதயகலாவுக்கு ஒரு சுகம் இருந்தது. அது பாவம் என்று அவளுக்குத் தெரியும். பகலில் மாமியாருக்கு நேரே இருந்து தலை வாரிவிட்டாள். சோறு குழைத்துக் கையில் கொடுத்தாள். வெளியே இறங்கும்போது முன்னால் கைபிடித்துக்கொண்டு போனாள். தன் முகம் யார் கண்ணிலும் குத்தவில்லை. விடியலில் யன்னல் பக்கம் திரும்பும் பழக்கம் மட்டும் விடவில்லை.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து கனடாவிலிருந்து மகாதேவியின் மகள் கேதீஸ்வரி வந்தாள், தன் மகள் நிவேதனாவையும் கூட்டிக்கொண்டு. தாய்க்கு எண்பத்தொரு வயது நிறைகிறது, மண்டபம் எடுத்துக் கொண்டாடவேண்டும், அதற்குள் கண்ணைச் செய்துவிடவேண்டும். பேத்தி கட்டிலில் ஏறி இருந்து, "அம்மம்மா, என்ரை முகத்தைப் பாக்க ஆசை இல்லையோ?" என்று கேட்டதில் மகாதேவி ஓம் என்றுவிட்டாள்.

"வாழ்த்து மடல் நீதான் உதயா எழுதவேணும்," என்றாள் கேதீஸ்வரி. "ஆயிரம் பிறை கண்ட அன்னையே எண்டு தொடங்கு."

"கடைசி அறுபது எழுபதையும் நான் காணேல்லை," என்றாள் மகாதேவி கட்டிலில் இருந்தபடி. "கழிச்சுப்போட்டு எழுதச் சொல்லு."

"அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதுறது அம்மா."

"பேச்சுக்கெண்டாலும் பிறையைக் கண்டவைக்குத்தானே எழுதவேணும்."

அச்சகத்தில் உதயகலா மூன்று நாள் அந்த மடலைத் திறந்து திறந்து மூடினாள். எத்தனையோ மாமிமாருக்கு அரை மணித்தியாலத்தில் எழுதிக் கொடுத்தவள். 'எங்கள் இல்லத்தின் திருமகளே' என்று தட்டிப் பார்த்தாள். திருமகள் ஒரு வீட்டில் இருந்தால் மூத்தவள் அங்கே இருக்கமாட்டாள் என்பார்கள். தமக்கையும் தங்கையும் ஒரு கூரைக்குக் கீழ் இருப்பதில்லை. இங்கே இருபது வருடம் இருந்திருக்கிறார்கள், அதில் யார் எவள் என்றும் தெரியவில்லை. அழித்தாள். 'குலவிளக்கே' என்றாள். அதையும் அழித்தாள்.

"என்ன பிள்ளை, சொல்லு முடிஞ்சு போச்சோ?" என்றார் இராசநாயகம்.

"சொல்லு கிடக்கு அண்ணை. ஆள்தான் அதுக்குள்ளை நிக்கிறா இல்லை."

ஒப்பரேசனுக்கு முதல் நாள் கேதீஸ்வரி அவளைக் குசினிக்குள் தனியே பிடித்தாள். "நாளையிண்டைக்கு விடியக் கண்ணிலை கட்டினதை எடுப்பினம். மிச்சமுள்ள ஒரு கண். டொக்டரும் உறுதி சொல்லேல்லை. முதல் பார்வையிலை நிவேதனா நிக்கட்டும் எண்டு நினைக்கிறன். கன்னிப்பிள்ளை, லச்சுமிகரமான முகம். நீ குறை நினைக்கக்கூடாது."

"இதிலை என்ன குறை மச்சாள். நானே சொல்லவேணும் எண்டிருந்தனான். நான் வெளியிலை நிக்கிறன்."

மனதாரத்தான் சொன்னாள். ஒருதரம் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. இப்போது ஒரேயொரு கண். அதுவும் போனால், செத்தவீட்டில் சொன்னது உண்மை என்றாகிவிடும். மகாதேவி மறுபடி அதைச் சொல்லக்கூடத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆசுப்பத்திரி. ஒப்பரேசன் முடிந்து மறுநாள் காலை, உதயகலா விறாந்தையில் சுவரோடு சாய்ந்து தேத்தண்ணிப் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அறைக்குக் கதவு திறந்திருந்தது, சேலை மறைப்பு மட்டும் தொங்கியது. உள்ளே கதைப்பதெல்லாம் கேட்டது.

"இப்ப மெல்லமாய்க் கண்ணைத் திறவுங்கோ அம்மா," என்றாள் நேர்ஸ்.

நேர்ஸ் மறுபடி சொன்னாள்.

"திறக்கலாம் அம்மா. நோகாது."

"ஆர் முன்னுக்கு நிக்கிறது?" மகாதேவியின் குரல்.

"நான் அம்மம்மா. நிவி."

"நீ நல்ல பிள்ளை. கொஞ்சம் விலத்தி நில். அந்த மூதேவி எங்கை?"

"அம்மா," என்றாள் கேதீஸ்வரி, குரலைத் தாழ்த்தி. "ஆக்கள் நிக்கினம்."

"நிக்கட்டும். அவளை வரச்சொல்லு. அதுவரைக்கும் நான் கண் திறக்கமாட்டன்."

மறைப்பு விலகியது. நேர்ஸ் வெளியே வந்து விறாந்தையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இளம் பிள்ளை. உதயகலாவிடம் வந்து தயங்கினாள்.

"அக்கா, உள்ளுக்கு அம்மா ஒரு ஆளைக் கேக்கிறா. பேரைச் சொல்ல எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

"மூதேவியோ?"

"ஓம்."

"அது நான்தான் பிள்ளை."

பிளாஸ்கைக் கதிரையில் வைத்துவிட்டு உதயகலா உள்ளே போனாள். கட்டிலில் மகாதேவி நிமிர்ந்து இருந்தாள். கண்ணைச் சுற்றி மஞ்சள் மருந்து காய்ந்திருந்தது. இமைகள் இறுக மூடியிருந்தன. உதயகலா சுற்றிப் போய்க் கட்டிலின் தலைமாட்டில், அவளுக்குப் பின்னால் நின்றாள்.

"வந்திட்டாளோ?"

"வந்திட்டன் மாமி. நான் இதிலைதான் நிக்கிறன். நீங்கள் நிவேதனாவைப் பாருங்கோ."

"எதிலை? பின்னுக்கோ?"

உதயகலா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இருவது வரியமாய் நான் உன்ரை முதுகிலைதானேடி முழிக்கிறன்," என்றாள் மகாதேவி. சண்டை பிடிக்கும்போது உள்ள அதே குரல். "தேத்தண்ணியை வைச்சிட்டு யன்னல் பக்கம் திரும்புவாய். உனக்குத்தான் விளங்குதெண்டு நினைச்சியோ? நீ அடுப்பு மூட்டேக்கையே நான் முழிப்பு. கண்ணை மூடிக்கொண்டு கிடப்பன். நீ வந்து நிண்டாப் பிறகுதான் திறக்கிறது. பேந்து கண் மங்கினாப் பிறகும் அப்பிடித்தான். வெள்ளையாய் ஒரு யன்னல், அதிலை கறுப்பாய் உன்ரை முதுகு. அதைப் பாத்தாப் பிறகுதான் முருகன்."

கேதீஸ்வரி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மகாதேவி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"ஒரு நாள் எனக்குக் குறை வந்ததே? விழுந்தனானே? பட்டினி கிடந்தனானே? ஊர்ச்சனம் முகாம் முகாமாய்க் கிடந்து அலைஞ்சுதுகள். நான் கல்லுவீட்டிலை கிடந்தனான். அப்பிடி ஒரு முழிவியளத்தை இண்டைக்கு நான் மாத்தமாட்டன். முன்னுக்கு வந்து நில்."

"மாமி, வேண்டாம். கண் பிழைச்சுப் போச்செண்டால்..."

"பிழைச்சால் அது டொக்டர்மாற்றை பிழை. உன்னைச் சொல்லமாட்டன்." மடியில் கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள். "அண்டைக்குச் சொன்னது சொன்னதுதான். அதை இப்ப என்ன செய்யிறது? அவன் சின்னனிலையே மறதிக்காரன். பள்ளிக்கூடத்துக்குப் புத்தகத்தைக் கொண்டு எத்தினை நாள் நான் பின்னாலை ஓடியிருப்பன். அண்டைக்கு நான் முதல் கண்டிருந்தால் நானும்தான் கார்ட்டைக் கொண்டு ஓடியிருப்பன்."

 நிவேதனா உதயகலாவின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து விட்டாள். கட்டிலின் காலடியில், யன்னலுக்கு முதுகு காட்டி, கண் விழிக்கப்போகும் மாமியாருக்கு முதல் தடவையாக நேரே நின்றாள்.  கும்பிடத் தோன்றவில்லை. பார்க்கவும் முடியவில்லை.

 வெளியே ஒரு தள்ளுவண்டி போகிற சத்தம் கேட்டது.

"ஏனடி கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறாய்?" என்றாள் மகாதேவி.

உதயகலா கண்ணைத் திறந்தாள். எதிரே ஒரு சிவந்த, ஈரமான, சின்னக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றி, மூக்கு, கழுத்து என்று சாமான் வாங்க வந்த ஆள் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"உனக்கு எப்ப நரைச்சது?"

"கனகாலம் மாமி."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றாள் மகாதேவி. பிறகு கையை நீட்டினாள். "தேத்தண்ணி கொண்டந்தனியோ?"

பிளாஸ்கை எடுக்க வெளியே வந்தபோது உதயகலாவால் கொஞ்சநேரம் மூடியைத் திறக்க முடியவில்லை. நேர்ஸ் வாங்கித் திறந்து கொடுத்தாள்.

மகாதேவியை மத்தியானமே வீட்டுக்கு விட்டார்கள். பின்னேரம் உதயகலா அச்சகத்துக்குப் போனாள். மடல் அன்றைக்கு முடிந்தாகவேண்டும். உட்கார்ந்தவள் நிறுத்தாமல் தட்டினாள். 'எங்கள் மாமி மகாதேவிக்கு எண்பத்தொரு வயது. கண்டது ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைந்த பிறைகள். இனி வருவதைத் தவறவிடமாட்டார். விடிய எழும்பி எங்களைக் கூப்பிடுகிறார். கூப்பிட ஒரு குரல் இருக்கிற வீட்டில் இருக்கிறோம். அதற்கு நன்றி.'

இராசநாயகம் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "திருமகளைக் காணேல்லை?"

"அவவுக்கு இண்டைக்கு லீவு அண்ணை."

"மச்சாள்காரி ஒண்டும் சொல்லமாட்டாவோ?"

"சொல்லுவா. மாமி அதைவிடக் கூடச் சொல்லுவா."

அந்த நேரம் கொடிகாமத்துச் செல்வரட்ணம் அழைப்பிதழ் எடுக்க வந்தார். இராசநாயகம் மூலையில் மஞ்சள் பூசிய கட்டைத் தட்டில் வைத்தார். வழக்கம்போல இருமினார். உதயகலா கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினாள். வெட்டும் இயந்திரப் பக்கம் பார்த்தாள். பிறகு அவருடைய கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு போய்ச் செல்வரட்ணத்திடம் நீட்டினாள்.

"இந்தாங்கோ அண்ணை. வாசலாலை வாறது."

"சந்தோசம் பிள்ளை," என்று அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அவருக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. இராசநாயகம் மட்டும் இன்னொரு தரம், காரணமில்லாமல், இருமினார்.

மறுநாள் விடிய உதயகலா தேத்தண்ணியை முக்காலியில் வைத்தாள். கை யன்னலைத் திறந்தது, வலையைச் சுருட்டியது. வாழைக்குலை ஒன்று பழுக்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தபடியே, "மாமி, தேத்தண்ணி," என்றாள்.

கட்டில் கிறீச்சிடவில்லை.

"ஆருக்கு?" என்றது பின்னாலிருந்து குரல். "யன்னலுக்கோ?"

உதயகலா திரும்பினாள்.